சட்டைக் கையை மடக்கும் முன்

அன்புள்ள ஐயா,

ஞாயிற்றுக்கிழமை நீ சென்னையிலிருந்து பேசிக்கொண்டிருக்கும்போதே அந்த ஒரு ரூபாய் போன் கத்தத் தொடங்கிவிட்டது. அடுத்த காசு போடுவாய் என்று ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றேன். உன்னிடம் சில்லறை தீர்ந்துபோயிற்று போலிருக்கிறது. நீ கடைசியாகக் கேட்டது மட்டும் அப்படியே காதில் நிற்கிறது. "அடுத்த திங்கக்கெழம பிரஸ்ஸுல மெசின்ல நின்னு காட்டச் சொல்லியிருக்காகம்மா. சட்டைக் கையை மடக்கணும். பாத்தா கேப்பாக. சிவகாசிப் பக்கம்னு சொன்னாலே போதும், அவுகளே பட்டாசுக் காயம்னு நெனச்சுக்கிடுவாக. அப்படியே விட்ரட்டுமா?"

போன் அறுந்துபோனது நல்லதுக்குத்தான். நீ நேரில் கேட்டிருந்தால் "விட்ரு ஐயா, ஒனக்கு வேலை கெடச்சாச் சரி" என்று அந்த நிமிஷமே சொல்லியிருப்பேன். பெற்றவளுக்கு அவசரத்தில் வருகிற பதில் அதுதான். இரண்டு நாள் யோசித்த பிறகு வேறு பதில் வருகிறது. அதை எழுதி இன்றைக்கே தபாலில் சேர்த்தால் திங்கட்கிழமைக்கு முன் உன் கைக்கு வந்துவிடும். உனக்குத் தெரிந்த கதைகளைத்தான் திரும்பவும் சொல்லப் போகிறேன். ஆமத்தூர்ப் பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் அதே பாடங்களை நடத்தி ஓய்வு பெற்றவள் நான். தெரிந்த பாடத்தை மறுபடி சொல்லக் கூச்சப்படமாட்டேன்.

முதலில் உன் நோட்டு அட்டைகள். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது அப்பா சிவகாசியிலிருந்து எடைக்கு வாங்கிவருவாரே, காலண்டர் அச்சடித்ததில் கழித்துப்போட்ட வேஸ்ட் தாள்கள், அவற்றைத்தான் நம் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும் நோட்டுக்கு அட்டையாகப் போடுவார்கள். நிறம் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காராத தாள்கள். முருகனுக்கு இரண்டு மூக்கு இருக்கும். லட்சுமியின் உதட்டுச் சிவப்பு கன்னத்தில் கிடக்கும். என் வகுப்பில் நோட்டுகளை அடுக்கிவைத்தால் ஒரு சாமிகூட நேராக இருக்காது. நம்முடையது சர்ச்சுக்குப் போகிற வீடு. சபை மூப்பர் ஒருநாள் வந்து உன் கணக்கு நோட்டைப் பார்த்துவிட்டு, "டீச்சர், நம்ம வீட்டுப் பிள்ளை நோட்டுல முருகனா?" என்று இழுத்தார். நீ நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "இது முருகன் இல்ல அய்யா, நீலம் வெலகுன தாளு" என்றாய். அவருக்குச் சிரிப்பதா முறைப்பதா என்று தெரியவில்லை. அப்பா அடுக்களைக்குள் போய்ச் சிரித்தார்.

அந்த வயதிலேயே உனக்கு அந்தக் கண் இருந்தது. நிறம் பொருந்துகிறதா என்று பார்க்கத் தாளின் மூலையில் அச்சடித்திருக்கிற சின்னச் சிலுவைக் குறிகளை வைத்து, எந்த நிறம் எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறது என்று சொல்வாய். அப்பா வேண்டுமென்றே நல்ல தாள் ஒன்றை நடுவில் செருகிவைப்பார். "இதுல ஒண்ணுமில்ல, இத ஏன் கழிச்சாக?" என்று நீ கேட்பாய். வாத்தியார் வேலை பார்த்தவளுக்கு எதைப் பார்த்தாலும் உதாரணம் சொல்லத் தோன்றும். ஆனால் மனிதனும் விலகிய தாளும் ஒன்று என்று இங்கே நான் சொல்லப்போவதில்லை. தாளை எடைக்குப் போட்டார்கள். உன்னை யாரும் அப்படிப் போட முடியாது. உனக்கு இந்தத் தொழில்மேல் இருக்கும் ஆசை, கையில் தழும்பு வருவதற்கு எவ்வளவோ முன்னாலேயே வந்தது. அதை நினைவூட்டத்தான் இதை எழுதினேன்.

பிறகு அந்த வருஷம் வந்தது. பிளஸ் டூ முடித்த வருஷம். நீ பேசுவதைக் குறைத்தாய், சாப்பாட்டைக் குறைத்தாய். ஒருநாள் உன் கையை நீயே காயப்படுத்திக்கொண்டாய். அது அந்த ஒருநாளோடும் நிற்கவில்லை. ஏன் என்று அன்றைக்கு நூறு பேர் நூறு காரணம் சொன்னார்கள். மார்க் என்றார்கள், காதல் என்றார்கள், செல்லம் கொடுத்ததால் என்றார்கள். மதுரையில் நாம் பார்த்த டாக்டரம்மா மட்டும்தான் காரணத்தைக் கேட்டு உன்னை நெருக்கவில்லை. "தம்பி, தூக்கம் வருதா? எந்த நேரம் ரொம்பக் கஷ்டமா இருக்கு?" என்றுதான் ஆரம்பித்தார்.

இதைச் சொன்னால் நம்புவாயா என்று தெரியவில்லை. அந்த வருஷத்தை நினைத்தால் எனக்கு ஏக்கம் வருகிறது. காயத்தை நினைத்து இல்லை, அந்த மதுரைப் பயணங்களை நினைத்து. பஸ்ஸில் நீ ஜன்னல் பக்கம், நான் உள்பக்கம். போகும்போது இருவரும் ஊமை. திரும்பும்போது திருமங்கலம் தாண்டியதும் நீ ஏதாவது ஒன்று சொல்வாய். கடைப் பலகையில் இருக்கும் எழுத்தைப் பற்றி, சுவரொட்டியில் இருக்கும் சிவப்பைப் பற்றி. விருதுநகரில் இறங்கியதும் எண்ணெய்ப் பரோட்டாக் கடை. மாத்திரை சாப்பிடுகிறவனுக்கு எண்ணெய் ஆகுமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "பசிக்குதுன்னு சொன்னானா? அப்ப மொதல்ல வாங்கிக் குடுங்க" என்றார். மொறுமொறுவென்று நீ பிய்த்துத் தின்றதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். "நீங்களும் சாப்பிடுங்க, என்னயவே பாத்துக்கிட்டிருக்கீக" என்றாய். பள்ளிக்கூடம், பரீட்சைத் தாள் என்று ஓடிய காலத்தில் உன்னோடு அவ்வளவு நேரம் நான் சும்மா உட்கார்ந்திருந்ததே இல்லை.

நீ தேறினாய். கோடுகள் மட்டும் மணிக்கட்டிலிருந்து மேல்வரைக்கும் நின்றுவிட்டன. உடனே நாம் எல்லோரும் சேர்ந்து முழுக்கைச் சட்டைக்கு மாறினோம். தையல்கடைத் தங்கராஜ் அளவெடுக்கும்போது, "டீச்சர், நம்மூரு வெயிலுக்கு அரைக்கையே வேர்க்குது. தம்பிக்கு என்ன, மாப்பிள்ளை முறுக்கா?" என்றார். சித்திரை வெயிலில் பொத்தான் போட்ட மணிக்கட்டோடு நீ பாலிடெக்னிக் போய் அச்சுத்தொழில் படித்தாய். வகுப்பிலே மெஷின் பக்கம் போக வேண்டிய நாட்களில் ஏதாவது சாக்கு சொல்லிப் பின்னால் நின்றுகொள்வாய் என்று பிறகுதான் தெரிந்தது.

நம் ஊர்ப் பக்கத்துக்கென்று ஒரு கேள்வி உண்டு. வேறு எந்த ஊரிலும் தழும்பைப் பார்த்தால் "என்ன ஆச்சு?" என்பார்கள். இங்கே "எந்தக் கம்பெனி?" என்பார்கள். கையில், கழுத்தில், முகத்தில் எங்கே தழும்பைப் பார்த்தாலும் அது பட்டாசு ஆலையிலோ தீப்பெட்டி ஆபீஸிலோ வந்ததாகத்தான் இருக்கும் என்று முடிவு. அவ்வளவு வீடுகளில் அது நடந்திருக்கிறது. என் வகுப்புப் பிள்ளைகளின் அம்மாமார் முன்னேற்ற அட்டையில் கையெழுத்துப் போட வரும்போது, ஒட்டிப்போன விரல்களுக்கு நடுவே பேனாவை நிறுத்தி எழுதுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அதனால் உன் சட்டைக் கை எப்போதாவது மேலேறினால் பதில் சொல்லும் சிரமமே நமக்கு இல்லை. ஊரே பதிலையும் சேர்த்துக் கேட்டது.

எம். புதுப்பட்டியில் உன் அத்தை மகள் கல்யாணத்தை மறந்திருக்கமாட்டாய். பந்திக்குக் கை கழுவச் சட்டையை மேலே தள்ளினாய். அண்டாப் பக்கம் நின்ற பாக்கியம் என்கிற பொம்பளை பார்த்துவிட்டாள். "ஏ ஐயா, ஒனக்கு எந்தக் கம்பெனி?" நீ வாயைத் திறப்பதற்குள் உன் அத்தை முந்திக்கொண்டாள். "அது லீவுல வேலைக்குப் போனான்க்கா. அங்கன ஒரு கம்பெனி." அவளுக்குக் குடும்ப மானம். பாக்கியம் விடவில்லை. வெடிமருந்து அடைக்கிற அறையா, திரி செருகுகிற அறையா என்று தெரியவேண்டும் அவளுக்கு. "மருந்து ரூமா, திரி ரூமா?" அத்தை கொஞ்சமும் யோசிக்காமல், "திரி ரூமு" என்றாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். நீ என்னைப் பார்த்தாய். நான் தண்ணீர்ச் செம்பைப் பார்த்தேன்.

பாக்கியம் பந்தியில் உன் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தாள். முந்தானையை விலக்கித் தன் கையைக் காட்டினாள். தோள்வரைக்கும் தோல் சுருங்கிக் கிடந்தது. "மழைக்காலத்துல சுருக்குச் சுருக்குனு இழுக்கும், பயந்துக்கிடாத. எனக்கும் மொதல்ல அப்படித்தான். தேங்காயெண்ணெயத் தடவு. பொண்ணு பாக்க வாரவுகட்ட மறைக்காத, சின்னப் பய நீ, ஒனக்கென்ன கொறச்ச?" சொல்லும்போதே அவள் கண் கலங்கியது. தன் இலையில் விழுந்த லட்டை எடுத்து உன் இலையில் வைத்தாள். அன்றைக்கு அந்த லட்டு உன் இலையிலேயே கிடந்தது. திரும்பி வரும் பஸ்ஸில் வெகுநேரம் கழித்து நீ சொன்னாய்: "அந்தக்கா எனக்காக அழுதாகம்மா. நானும் வாங்கிக்கிட்டேன்."

அதன் பிறகு விருதுநகரில் அந்தப் பருப்புக் கமிஷன் கடைக் கணக்கு வேலைக்குப் போனாய். முதலாளி உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். கையெழுத்துப் போடச் சொன்னபோது சட்டை நுனி மேலேறியது. அவர் பார்த்தார். நீயும் அவர் பார்த்ததைப் பார்த்தாய். அவர் எதுவும் கேட்கவில்லை. "சொல்லி அனுப்புறோம் தம்பி" என்றார். சொல்லி அனுப்பவே இல்லை. தழும்புதான் காரணமா, வேறு ஆள் கிடைத்துவிட்டானா, இன்றுவரை நமக்குத் தெரியாது. சில கதவுகள் அப்படிச் சத்தமில்லாமல் சாத்திக்கொள்ளும். எல்லாக் கதவும் திறக்கும் என்று நான் உனக்கு எழுதினால் அது பொய்.

சிவகாசிப் பிரஸ்ஸுக்கு வருகிறேன். காலண்டர் சீசன், ஆர்டர் குவிந்து கிடந்த நேரம். தனியாகப் போகமாட்டேன் என்றாய், நானும் கூட வந்தேன். வாசலோரம் இருந்த தாள் கட்டுகளின்மேல் என்னை உட்காரவைத்தார்கள். மை வாசனையும் மண்ணெண்ணெய் வாசனையும் அடித்தது. போர்மேன் சுப்பையா அண்ணாச்சி உன் முழுக்கையைப் பார்த்ததும் கத்தினார். கோபத்தில் இல்லை. அங்கே எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள். நாலு கலர் மெஷின் ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் பேசுவதுகூடக் கேட்காது.

"ஏலே, கையை மடக்கு! உருளை மொதல்ல சட்டையத்தான் தின்னும், அப்புறம்தான் ஆளு!"

நீ மடக்கினாய். ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு. அண்ணாச்சியின் முகம் மாறியது. இரக்கமாகத்தான் மாறியது. "எந்தக் கம்பெனிலே?"

அத்தையின் பதில் தயாராக இருந்தது. எனக்கே நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நீ அவர் காதருகே குனிந்து ஏதோ சொன்னாய். அவருக்குக் கேட்கவில்லை. "என்னது?" என்று காதில் கையைக் குவித்தார். அப்போதுதான் நீ கத்தினாய்.

"பட்டாசு இல்ல அண்ணாச்சி! நானே பண்ணிக்கிட்டது!"

அடுத்த மெஷினில் தாள் அடுக்கிக்கொண்டிருந்தவன் திரும்பிப் பார்த்தான். கட்டுப் பிரிக்கிற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணாச்சி உன் கையைப் பார்த்தார், உன் முகத்தைப் பார்த்தார்.

"அம்மைக்குத் தெரியுமா?"

"தெரியும்! அந்தா உக்காந்திருக்காக!"

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அதைவிடப் பெரிய பரீட்சையில் நான் உட்கார்ந்ததில்லை.

"இப்பம்?"

"இப்பம் இல்ல! மதுரைல டாக்டரப் பாத்தோம்! நல்லாருக்கேன்!"

அவர் மெஷினிலிருந்து விழுந்துகொண்டிருந்த தாள்களில் ஒன்றை உருவி உன் கையில் கொடுத்தார். "இதுல என்ன கோளாறு, பாத்துச் சொல்லு!"

நீ மூலையைப் பார்த்தாய். அவர் கையிலிருந்த லென்ஸைக்கூட வாங்கவில்லை. "நீலம் வெலகியிருக்கு! இடது பக்கம்!"

"எம்புட்டு?"

"ஒரு மயிரிழை!"

அவர் லென்ஸை வைத்துப் பார்த்தார். பார்த்துவிட்டு மெஷின்காரனைப் பார்த்து ஒரு அதட்டல் போட்டார். "ஏலே, வெறுங்கண்ணுல சொல்லுதான், நீ லென்ஸ வச்சுக்கிட்டு என்னலே புடுங்குத?" மறுநாளே வரச் சொல்லிவிட்டார்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று கதையை முடிக்கமாட்டேன். தாள் அடுக்குகிற பையன்கள் உன் கைக்கோடுகளைப் பார்த்து உனக்கு 'ஸ்கேலு' என்று பேர் வைத்தார்கள். அந்தப் பேர் நின்றுபோக நாளாயிற்று. அண்ணாச்சி வெகுகாலம் உன்னை ராத்திரி ஷிப்டில் போடவில்லை. "எல்லாரையும் போடுதாக, என்னய மட்டும் பச்சப்பிள்ளையா நெனைக்காக" என்று வீட்டுக்கு வந்து தட்டைத் தள்ளினாய். உன் கோபம் நியாயம். அவர் பயமும் நியாயம். ஆனால் அந்த சீசன் முழுக்க நீ சட்டையை மடக்கிவிட்டுக்கொண்டே வீட்டுக்கு வந்தாய். அதுவரை பூட்டிவைத்திருந்த கையால் கதவைத் திறந்து, "அம்மா, சோறு" என்பாய். நீ வேலை தேடிச் சென்னைக்குப் போய்விட்ட பிறகும், சாயங்காலம் கதவுச் சத்தம் கேட்டால் அந்தக் கையைத்தான் தேடுகிறேன்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். சென்னையில் "எந்தக் கம்பெனி?" என்று யாரும் கேட்கமாட்டார்கள். நீ சொன்ன மாதிரி, சிவகாசி என்ற பேரே பதிலாகிவிடும். நீ வாயைத் திறக்கவே வேண்டாம். அது சுலபம்தான். ஆனால் அவர்கள் அதோடு நிறுத்தமாட்டார்கள் ஐயா. எந்த வயசில், நஷ்டஈடு கொடுத்தார்களா, எத்தனை பேர் இறந்துபோனார்கள் என்று கேட்பார்கள். இரக்கப்பட்டுத்தான் கேட்பார்கள். ஒவ்வொன்றுக்கும் நீ ஒரு திரி ரூம் கட்டிக்கொண்டே போகவேண்டும். அப்புறம் அந்த லட்டு உனக்கு ஞாபகம் வரும். உன்னை எனக்குத் தெரியும். நீ அதைச் சுமக்கமாட்டாய்.

அதற்காக உன் கதையை எல்லோரிடமும் சொல்லவேண்டும் என்று நான் எழுதவில்லை. இதை நன்றாகக் கேட்டுக்கொள். பொய் சொல்லாமல் இருப்பது வேறு, எல்லாவற்றையும் அவிழ்த்துக் காட்டுவது வேறு. அன்றைக்கு நீ கத்தியது உன் இஷ்டம். எல்லா இடத்திலும் அப்படிக் கத்தவேண்டியதில்லை. கேட்டால், "பழைய காயம் சார். அது ஒரு கஷ்டமான காலம். இப்ப நல்லா இருக்கேன், வேலைக்கு எந்தத் தடையும் இல்ல" என்று சொல். அவ்வளவும் உண்மை. அதற்கு மேல் தோண்டினால், "அது என் சொந்த விஷயம் சார்" என்று மரியாதையாகச் சொல். வேலை கேட்டு வந்தவன் பாவமன்னிப்புக் கேட்டு வந்தவன் இல்லை. சொல்லிவிட்டு அங்கேயே நின்றுவிடாதே. மெஷினைப் பற்றி ஏதாவது ஒன்று கேள். பேச்சு உன் கையிலிருந்து தாளுக்குப் போய்விடும். கேட்காதவனிடம் நீயாக எதுவும் சொல்லத் தேவையே இல்லை.

பழகாத வார்த்தை வாயில் தடுக்கும். அறையில் உன்னோடு இருக்கிற பையனை மேனேஜராக உட்காரவைத்து இரண்டு தரம் சொல்லிப் பார். இதை எழுதும்போது அப்பா தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன், மேனேஜரா நான் உக்கார மாட்டேனா? மூக்குக் கண்ணாடியெல்லாம் இருக்கே" என்கிறார். பிறகு, "டீச்சர், பரீட்சைக்கு நோட்ஸ் குடுக்கிற மாதிரி எழுதிக்கிட்டே போகாதீக. பய படிச்சு முடிக்கிறதுக்குள்ள திங்கக்கெழம வந்துரும்" என்றும் சொல்கிறார். உன்மேல் இருக்கிற கவலையை அவர் இப்படித்தான் காட்டுவார்.

இன்னொன்று. வேலை தேடும் நாட்கள் மனசை அரிக்கும். பழைய இருட்டு எட்டிப் பார்த்தால், கையைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்ற நினைப்பு கொஞ்சம் தலைகாட்டினாலும், தனியாக இருந்து சமாளிக்கப் பார்க்காதே. உடனே பக்கத்தில் இருப்பவனிடம் சொல். எனக்குப் போன் போடு, மணி பார்க்காதே. மதுரை டாக்டரம்மாவிடம் நேற்றுப் பேசினேன். சென்னையிலும் ஒரு டாக்டரைச் சொல்லியிருக்கிறார். அவர் முகவரியை எழுதிய சீட்டை இதோடு வைத்திருக்கிறேன். அங்கே போய் உட்காருவது தோற்றுப்போவது இல்லை. நாம் ஒருதரம் போய்த் திரும்பி வந்த வழிதான் அது.

பார்சலில் இரண்டு சட்டை வரும். அரைக்கை. தங்கராஜிடம் கொடுத்தபோது, "இப்பவாச்சும் அரைக்கைன்னு சொன்னீகளே டீச்சர், தம்பிக்கு முறுக்கு எறங்கிருச்சா?" என்றார். நானும் சிரித்தேன். போட்டுக்கொண்டு போவதா வேண்டாமா என்பது உன் விருப்பம். முழுக்கை போட்டுக்கொண்டு போய் மெஷின் பக்கம் மடக்கிக்கொண்டாலும் சரி.

திங்கட்கிழமை காலையில் நானும் அப்பாவும் வீட்டில் சும்மா இருக்கமாட்டோம், ஜெபத்தில் இருப்போம். வேலை கிடைக்கவேண்டும் என்று மட்டும் கேட்கமாட்டேன். உன் கையைப் பார்க்கிறவன், பார்த்தபிறகு, ஒரு தாளை உருவி உன்னிடம் நீட்டவேண்டும் என்று கேட்பேன். நீட்டினால், மூலையைப் பார்த்துச் சொல்லிவிட்டு வா. நீட்டாவிட்டால் மதுரை பஸ் ஏறி, அங்கிருந்து நம் பஸ்ஸைப் பிடி. விருதுநகரில் நான் நிற்பேன், பரோட்டாக் கடை இன்னும் இருக்கிறது. இந்தத் தடவை நானும் சாப்பிடுகிறேன்.

கதவுச் சத்தத்துக்குக் காத்திருக்கும்
உன் அம்மா